சின்ன எழுத்தில் ஒரு பெயர்

கிறிஸ்துமஸ் பாட்டுப் புத்தகம் ஏதாவது கையில் கிடைத்தால் ஒரு காரியம் செய்து பாருங்கள். பாட்டைப் பார்க்காதீர்கள். பாட்டைச் சுற்றியிருக்கும் பெயர்களைப் பாருங்கள். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு. வலது ஓரத்தில் இசையமைத்தவர் பெயர், அல்லது இசைக்கோர்ப்பு செய்தவர் பெயர். இடது ஓரத்தில், எறும்பு ஊர்வது மாதிரி, வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்ற ஒரு வரி. கண்ணாடி போட்டுப் படித்தால்தான் தெரியும். ஒரு குறிப்பிட்ட பாட்டில் அந்த வரி இப்படி இருக்கும்: போலந்து நாட்டுக் கேரல், மொழிபெயர்ப்பு ஈ. எம். ஜி. ரீட்.

யார் இந்த ஈ. எம். ஜி. ரீட்? மூன்று இனிஷியலைப் பார்த்ததும் பெரும்பாலோர் மனதில் வருவது வெள்ளைத் தாடி வைத்த ஒரு பாதிரியார். இல்லை. எடித் மார்கரெட் கெல்லிபிராண்ட் ரீட் என்ற பெண். 1885-ல் லண்டனின் இஸ்லிங்டனில் பிறந்து, 1933-ல் பார்னெட்டில் நாற்பத்தெட்டு வயதில் இறந்து போனவர். லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளியில் படித்தார். ஆர்கன் வாசிப்பவர்களுக்கான ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் அமைப்பில் தேர்ச்சி பெற்று அசோசியேட் பட்டம் வாங்கினார். பிழைப்புக்கு என்ன செய்தார்? பத்திரிகை வேலை. பெர்சி ஷோல்ஸ் என்ற பிரபல இசை எழுத்தாளர் (1938-ல் வந்த 'ஆக்ஸ்ஃபோர்ட் கம்பானியன் டு மியூசிக்' என்ற தடிமனான புத்தகத்தை எழுதியவர்) நடத்திய 'தி மியூசிக் ஸ்டூடன்ட்', 'மியூசிக் அண்ட் யூத்' ஆகிய பத்திரிகைகளில் அவருக்கு உதவியாக இருந்தார். பிறகு 'பான்பைப்ஸ்' என்று குழந்தைகளுக்கான இசைப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார்.

அந்த 'மியூசிக் அண்ட் யூத்' பத்திரிகையின் 1921 டிசம்பர் இதழில்தான் அந்தப் பாட்டு முதலில் வந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'இன்ஃபன்ட் ஹோலி, இன்ஃபன்ட் லோலி'. நூறு வருடம் தாண்டியும் உலகம் முழுக்க ஆங்கிலம் பேசும் தேவாலயங்களில் ஒவ்வொரு டிசம்பரும் பாடுகிறார்கள். பாடுபவர்களில் நூற்றில் ஒருவருக்காவது எடித் ரீட் பெயர் தெரியுமா என்றால், சந்தேகம்தான்.

"மொழிபெயர்ப்புதானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு கதையை மொழிபெயர்ப்பது வேறு, பாட்டை மொழிபெயர்ப்பது வேறு. கதையில் ஒரு வாக்கியம் நீண்டு போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். பாட்டில் முடியாது. மெட்டு ஏற்கெனவே இருக்கிறது, அதை மாற்ற முடியாது. எங்கே குரல் ஏறுகிறதோ அங்கே அழுத்தமான ஒலி வந்தாக வேண்டும். எங்கே நீண்டு நிற்கிறதோ அங்கே வாய் திறந்து பாடக்கூடிய உயிரெழுத்து வேண்டும். மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். இங்கே கூடுதலாக ஒரு கஷ்டம்: எதை வேண்டுமானாலும் எழுத முடியாது, மூலத்தில் இருக்கும் பொருளும் வர வேண்டும்.

போலந்து மொழியில் அந்தப் பாட்டின் பெயர் 'வ் ஜ்வோபியே லெஜி'. முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், கிடக்கிறார் என்று அர்த்தம். ரொம்பப் பழைய பாட்டு. 1633-ல் நாலாம் விவாடிஸ்வாவ் மன்னரின் முடிசூட்டு விழாவில் ஆடிய பொலொனேஸ் நடனத்தின் மெட்டுதான் இது என்றுகூடச் சொல்வார்கள். அது உண்மையோ கதையோ, மெட்டில் அந்த மூன்று தட்டு நடன நடை இருப்பது கேட்டாலே தெரியும். தொட்டிலை ஆட்டுகிற மாதிரியும் இருக்கும், காலால் தாளம் போடத் தோன்றுகிற மாதிரியும் இருக்கும்.

போலந்து மொழியில் ஒரு விசேஷம் உண்டு. வார்த்தையின் கடைசிக்கு முந்தின சிலபிளில்தான் அழுத்தம் விழும். (தமிழ் யாப்பில் சொல்லும் அசை வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதனால் அந்த மொழிப் பாட்டுகளில் வரி முடியும்போது பலம், பிறகு மெது என்று இறங்கி முடியும். ஆங்கிலமோ ஒரே சிலபிள் வார்த்தைகள் மண்டிக் கிடக்கிற மொழி. வரியை 'டக்'கென்று பலமாக முடிப்பதுதான் அதற்குச் சுலபம். அப்படி முடித்தால் இந்த மெட்டு நொண்டும்.

எடித் ரீட் என்ன செய்தார் பாருங்கள். மூலப் பாட்டின் முதல் வரியில் நாலு சிலபிள், நாலு சிலபிள் என்று இரண்டு துண்டு. இரண்டும் ஒரே ஓசையில் முடியும், நம் இயைபுத் தொடை போல. அடுத்து ஏழு சிலபிளில் ஒரு வரி. ரீட் எழுதிய ஆங்கிலத்தை எண்ணிப் பாருங்கள். நாலு, நாலு, ஏழு. முதல் இரண்டு துண்டுகளும் ஒரே ஓசையில் இறங்கி முடிகின்றன. தலைப்பில் இருக்கும் 'ஹோலி', 'லோலி' இரண்டும் பலம்-மெது என்ற அதே இறக்கத்தோடு வருகிற வார்த்தைகள். அதாவது போலந்து மொழியின் மூச்சை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கி வைத்துவிட்டார்.

இதற்கு அவர் ஒரு விலையும் கொடுத்தார். மூலப் பாட்டு ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. தொட்டியில் கிடக்கும் இந்தச் சின்னவருக்குப் பாட்டுப் பாட யார் ஓடி வருகிறீர்கள் என்று ஊரைக் கூப்பிடுகிற தொனி. ஆங்கிலத்தில் அந்தக் கூப்பாடு இல்லை. அமைதியாக ஒரு காட்சியை விவரிக்கிறது. கறாராகப் பார்த்தால் இது மொழிபெயர்ப்பே இல்லை, தழுவல் என்று சொல்லலாம். சில பாட்டுப் புத்தகங்கள் அப்படித்தான் போடுகின்றன. ஆனால் கூப்பாட்டையும் வைத்து, இயைபையும் வைத்து, இறக்கத்தையும் வைத்து எழுத முயன்றிருந்தால் பாடவே முடியாத ஒரு வஸ்து கிடைத்திருக்கும். எதை விடுவது என்று முடிவு எடுப்பதுதான் இந்த வேலையின் பாதி. ரீட் சரியானதைத்தான் விட்டார்.

வருடத்தையும் கவனியுங்கள். 1795-லிருந்து 1918 வரை 123 வருடங்கள் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டு விழுங்கியிருந்தன. அந்தக் காலம் முழுக்க இந்தக் கேரல் பாட்டுகள்தான் வீட்டுக்குள் மொழியைக் காப்பாற்றி வைத்திருந்தவற்றில் ஒன்று. பாரிஸில் போய்க் குடியேறிய ஷோபான்கூட தன் முதல் ஸ்கெர்ட்ஸோவின் நடுவில் ஒரு போலந்துக் கிறிஸ்துமஸ் தாலாட்டை ஒளித்து வைத்திருக்கிறார். நாடு திரும்பக் கிடைத்து மூன்றே வருடத்தில், இங்கிலாந்தில் பியானோ கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் படிக்கும் பத்திரிகையில், அந்த நாட்டுப் பாட்டு ஆங்கிலத்தில் வருகிறது. ஒரு உதவி ஆசிரியை செய்த வேலை.

இந்த மாதிரி வேலையைப் பெண்கள் செய்தது தற்செயலா? இல்லவே இல்லை.

அந்தக் காலத்து நிலவரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1913-ல் ஹென்றி வுட் தன் குயின்ஸ் ஹால் ஆர்க்கெஸ்ட்ராவில் ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டதே பெரிய செய்தியாக இருந்தது. முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனதும் மற்ற ஆர்க்கெஸ்ட்ராக்களிலும் பெண்களுக்கு இடம் கிடைத்தது. போர் முடிந்ததும்? 1920-ல் மான்செஸ்டரின் ஹாலே ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஹாமில்டன் ஹார்ட்டி பொறுப்பேற்று, இருந்த பெண்களை அனுப்பிவிட்டார். வெளியூர்க் கச்சேரிக்குப் போனால் தங்க வைப்பது சிரமமாம். இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது! பெண்கள் 1911-லேயே 'சொசைட்டி ஆஃப் விமன் மியூசிஷியன்ஸ்' என்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். வேறு வழி?

பெரிய கதவுகள் மூடியிருந்தபோது திறந்திருந்தவை சின்னக் கதவுகள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை, குழந்தைப் பத்திரிகை, கச்சேரிக்குக் குறிப்பு எழுதுவது, மொழிபெயர்ப்பு. ரோசா நியூமார்ச் என்று ஒருவர் இருந்தார். ரஷ்ய மொழியும் செக் மொழி இசையும் இங்கிலாந்துக்குத் தெரிய வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. யானாசெக் தன் 'சின்ஃபோனியெட்டா'வை அவருக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். சமர்ப்பணப் பக்கத்தில் பெயர் வந்தது என்ற ஒரு காரணத்தால் நியூமார்ச்சை இன்றைக்கும் கொஞ்சம் பேருக்குத் தெரிகிறது. ரீட்டுக்கு அப்படி ஒரு யானாசெக் கிடைக்கவில்லை.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு உதாரணம். ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் கட்டடம் இருக்கும், இயந்திரம் இருக்கும், கையிருப்புச் சரக்கு இருக்கும். கம்பெனியே உருவாக்கி வைத்த குட்வில் மட்டும் அதில் ஏறாது. யாராவது அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கும்போதுதான் அது எண்ணாக மாறும். இசை வரலாறு என்ற பேலன்ஸ் ஷீட்டும் அப்படித்தான். சிம்பொனி ஏறும், ஆப்பெரா ஏறும். மொழிபெயர்ப்பு ஏறாது, தொகுப்பு ஏறாது. ஆனால் டிசம்பர் மாத வசூல் எதில் வருகிறது என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கும். இன்றைய பிரிட்டிஷ் சட்டக் கணக்குப்படி எழுதியவர் இறந்து 70 வருடம் வரை காப்புரிமை. ரீட் விஷயத்தில் அது 2003 முடிவோடு தீர்ந்துவிட்டது. மெட்டு யாருக்கும் சொந்தமில்லை. ஆக, இப்போது அந்தப் பாட்டில் அவருக்கென்று மிச்சமிருக்கும் ஒரே சொத்து அந்த எறும்பு எழுத்துப் பெயர்தான். இணையத்தில் பாட்டுக் கேட்கும் இடங்களில் பல நேரம் அதுவும் வருவதில்லை. பாடிய குழுவின் பெயர் வரும், நடத்துனர் பெயர் வரும், அவ்வளவுதான்.

சரி, ரீட்டுக்கு இருபது வருடம் இளையவர் ஒருவரைப் பார்ப்போம். எலிசபெத் போஸ்டன். சின்னக் கதவு வழியாகப் போய் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இவரை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

1905 அக்டோபர் 24-ல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஸ்டீவனேஜ் பக்கத்தில் பிறந்தார். அப்பா இறந்த பிறகு 1914-ல் அம்மாவோடு ரூக்ஸ் நெஸ்ட் என்ற வீட்டுக்குக் குடிபோனார்கள். இலக்கியம் படிக்கிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஈ. எம். ஃபார்ஸ்டர் சிறுவனாக வளர்ந்த வீடு அது. 1910-ல் வந்த 'ஹோவர்ட்ஸ் எண்ட்' நாவலில் வரும் வீடும் அதுதான். ஃபார்ஸ்டர் வீட்டை விட்டுப் போய் இருபது வருடம் கழித்துப் போஸ்டன் குடும்பம் வந்தது. பிற்காலத்தில் ஃபார்ஸ்டர் அங்கே விருந்தாளியாக வந்து போவார், நெருங்கிய நண்பரும் ஆனார். 1970-ல் பிபிசி 'ஹோவர்ட்ஸ் எண்ட்' கதையைத் தொலைக்காட்சியில் எடுத்தபோது அதற்கு இசையமைத்தவர் யார் தெரியுமா? அந்த வீட்டிலேயே வாழ்ந்துகொண்டிருந்த எலிசபெத் போஸ்டன். ஒரு நாவலின் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அதே நாவலுக்கு இசை எழுதுகிற வாய்ப்பு வேறு யாருக்காவது கிடைத்திருக்குமா என்ன!

ராயல் அகாடமியில் படித்தார். ஹெரால்ட் சாமுவேல் என்ற பியானோ மேதையிடம் கற்றார். வான் வில்லியம்ஸும் பீட்டர் வார்லாக்கும் தட்டிக்கொடுத்தார்கள். 1925-ல், இருபது வயதில், ஏழு பாட்டுகள் அச்சில் வந்துவிட்டன. 1930-லிருந்து 1935 வரை வெளிநாடுகளில் சுற்றி நாட்டுப்புறப் பாட்டுகள் சேகரித்தார். அந்த வயதில் மற்றவர்கள் சிம்பொனி எழுதி விமர்சகர்களின் கண்ணில் படத் துடிப்பார்கள். இவர் வேறு ஊர்க்காரர்களின் பாட்டைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு வந்தது இரண்டாம் உலகப் போர். போஸ்டன் பிபிசியில் சேர்ந்தார், ஐரோப்பிய ஒலிபரப்பின் இசைப் பொறுப்பாளர் ஆனார். இது சும்மா ரெக்கார்டு போடுகிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். நாஜிகள் பிடித்து வைத்திருந்த நாடுகளுக்கு லண்டனிலிருந்து போன ஒலிபரப்பு அது. கேட்டால் தண்டனை, கேட்காவிட்டால் நம்பிக்கை இல்லை என்ற நிலைமை. 1941-ல் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் முதல் நாலு சுரங்கள் வெற்றிக் குறியாக ஐரோப்பா முழுக்கப் பரவின, மோர்ஸ் தந்திக் குறியில் 'வி' எழுத்துக்கும் அதே தட்டுதான் என்பதால். இதை விட ரகசியமான உபயோகமும் இருந்தது. போலந்துக்கான ஒலிபரப்பின் கடைசியில் வாசிக்கும் மெட்டு எது என்பதைப் பொறுத்து, இன்றிரவு விமானத்தில் ஆயுதமும் ஆட்களும் வந்து இறங்குவார்களா, எங்கே இறங்குவார்கள் என்று அங்கே தலைமறைவுப் படையினர் தெரிந்துகொள்வார்கள். மெட்டு மாறினால் உயிர் போகும்.

ரெக்கார்டுகள் வழியாக ரகசியச் செய்தி அனுப்பும் இந்த மாதிரி வேலையில் போஸ்டனுக்கும் பங்கு உண்டு என்று சொல்வார்கள். எந்த மெட்டு, எந்த இரவு என்ற விவரத்துக்குள் போக வேண்டாம். இருபது வருடத்துக்கு முன்னால் குழந்தைப் பத்திரிகையில் வந்த போலந்து மெட்டையும், போர்க்கால இரவில் சீறும் ரேடியோ இரைச்சலுக்கு நடுவே வார்சாவில் யாரோ காதைத் தீட்டிக் கேட்ட போலந்து மெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். நாட்டுப்புற மெட்டு என்றால் ஏதோ அழகுப் பொருள் என்று நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

1945-ல் பிபிசி வேலையை விட்டார். தரமான இசைக்கும் இலக்கியத்துக்கும் என்று பிபிசி உருவாக்கிய 'தேர்ட் புரோகிராம்' அலைவரிசைக்கு ஆலோசனை சொல்ல 1947-ல் கொஞ்ச நாள் திரும்பி வந்தார். வானொலி நாடகங்களுக்கு நாற்பதுக்கும் மேல் இசையமைத்தார். 1955-லிருந்து 1961 வரை மேலே சொன்ன பெண் இசைக்கலைஞர் சங்கத்துக்குத் தலைவர். இதெல்லாம் வேக வேகமாகக் கடந்து போகலாம். முக்கியமானது அடுத்து வருவது.

1965-ல் பெங்குவின் வெளியீடாக, மலிவு அட்டைப் புத்தகமாக, 'பெங்குவின் புக் ஆஃப் கிறிஸ்துமஸ் கேரல்ஸ்' வந்தது. தொகுத்துப் பதிப்பித்தவர் எலிசபெத் போஸ்டன். 1970-ல் இரண்டாவது தொகுதி. 1928-ல் டியர்மர், வான் வில்லியம்ஸ், மார்ட்டின் ஷா மூவரும் கொண்டுவந்த 'ஆக்ஸ்ஃபோர்ட் புக் ஆஃப் கேரல்ஸ்' தான் அதுவரை வேதப் புத்தகம் மாதிரி. அது பாடகர் குழுவுக்கான புத்தகம். போஸ்டனுடையது வீட்டுப் பியானோ மேல் கிடக்க வேண்டிய புத்தகம். ஒரு பேப்பர்பேக் நாவல் வாங்குகிற ஆள் வாங்கக்கூடிய புத்தகம். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. கலையை மேலே உயர்த்துகிறவர்களுக்குச் சிலை வைக்கிறார்கள். கீழே இறக்கி எல்லார் கைக்கும் எட்ட வைக்கிறவர்களுக்கு ராயல்டி செக் மட்டும் அனுப்புகிறார்கள்.

1967-ல் டேவிட் ஹோல்புரூக்கோடு சேர்ந்து 'கேம்பிரிட்ஜ் ஹிம்னல்' என்ற பாட்டுத் தொகுப்பைக் கொண்டுவந்தார். அதில் அவரே இசையமைத்த ஒரு பாட்டு இருக்கிறது. 'ஜீசஸ் கிரைஸ்ட் தி ஆப்பிள் ட்ரீ'. இன்றைக்கு எலிசபெத் போஸ்டன் என்றால் இந்த ஒரே பாட்டுதான்.

அந்தப் பாட்டின் வார்த்தைகளுக்கும் ஒரு கதை உண்டு. 1784-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஜோஷுவா ஸ்மித் என்பவர் தொகுத்த பாட்டுப் புத்தகத்தில் இருந்ததால் ரொம்ப நாள் அமெரிக்கப் பாட்டு என்றே நினைத்தார்கள். பிறகு பார்த்தால் 1761-லேயே லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து, அட்லாண்டிக்கைத் தாண்டி, இரண்டு நூற்றாண்டு கழித்து ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் கிராமத்து வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பாட்டில் தொழுவமும் இல்லை, மேய்ப்பர்களும் இல்லை, பனியும் இல்லை. காய்த்துக் குலுங்கும் ஒரு ஆப்பிள் மரமும் அதன் நிழலில் களைப்பாறும் ஒரு மனிதரும்தான். உண்மையில் அது கிறிஸ்துமஸ் பாட்டே இல்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்குத்தான் பாடுகிறார்கள். கேட்டால் ஏன் என்று புரியும்.

போஸ்டன் அதற்கு என்ன செய்தார்? கிட்டத்தட்ட எதுவும் செய்யவில்லை. சி மேஜர். பியானோவில் வெள்ளைக் கட்டைகள் மட்டும். ஒரு கறுப்புக் கட்டைகூடத் தொட வேண்டியதில்லை. முதல் பத்தி எல்லாரும் ஒரே குரலில், பிறகு நாலு குரல். பியானோ தொடங்கி மூன்று மாதம் ஆன பிள்ளைகூட மெட்டை வாசித்துவிடும். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதில் என்ன பெரிய மேதைமை என்று தோன்றும். ஆனால் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வைத்து, ஒரு பத்தி முடிவதற்குள் அலுத்துப் போகாத ஒரு மெட்டு எழுதிப் பாருங்கள், தெரியும். இருபத்தைந்து வயதில் ஊர் ஊராகப் போய்ப் பழைய மெட்டுகளைக் காதில் ஏற்றிக்கொண்டவருக்கு அறுபது வயதில் கைகூடிய எளிமை அது. பழைய பாட்டு என்று நினைத்துப் பாடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். போஸ்டனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டும் கிடையாது, பெரிய நஷ்டமும் கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெண் என்ற காரணத்துக்காகவே மறந்து போன ஒவ்வொருவரையும் மேதை என்று தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது இன்னொரு விதமான அவமரியாதை. எடித் ரீட் மேதை இல்லை. ஒரு டிசம்பர் இதழில் பக்கம் நிரப்ப நல்ல பாட்டு ஒன்று வேண்டியிருந்தது, அதைச் சரியாகச் செய்து கொடுத்தார். போஸ்டனும் தன் நண்பர் வார்லாக் அளவுக்கு அபூர்வமான இசையை நிறைய எழுதினார் என்று சொன்னால் மிகையாகிவிடும். கேள்வி மேதையா இல்லையா என்பதே அல்ல. 'அவர் என்ன சிம்பொனி எழுதினார்?' என்ற கேள்வியோடு எழுந்து போய்விடுகிறார்களே, அதுதான் பிரச்சினை. ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றில் உட்காரவே இடம் கொடுக்காத ஊரில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பது, தண்ணீர் விடாத செடியிடம் ஏன் பூக்கவில்லை என்று கேட்பது மாதிரி. இன்னொரு பக்கம், போஸ்டனைப் பொறுத்தவரை அவர் சின்ன வடிவத்தைக் கிடைக்காததால் மட்டும் எடுத்துக்கொண்டதாகவும் தோன்றவில்லை. வார்லாக்கும் பெரும்பாலும் பாட்டுகள்தான் எழுதினார், அவரிடம் யாரும் சிம்பொனி எங்கே என்று கேட்பதில்லை!

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இந்தப் பாட்டு இந்த மொழியில், இந்த மக்கள் வாயில், நூறு வருடம் நிற்க யார் காரணம்? அதற்குப் பதில் சொல்லப் பாட்டுப் புத்தகம் போடுகிறவர்கள் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. இனிஷியலை விரித்துப் பெயரை முழுசாகப் போட வேண்டும். இசைக்கோர்ப்பு செய்தவர் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில் மொழிபெயர்த்தவர் பெயரும் இருக்க வேண்டும். கச்சேரி நிகழ்ச்சி நிரலில் 'போலந்து நாட்டுப் பாடல்' என்று மட்டும் எழுதிவிட்டு ஆங்கிலத்தில் பாடினால், அது யார் எழுதிய ஆங்கிலம் என்று சொல்ல வேண்டும். காசு செலவு இல்லாத காரியம், நண்பர்களே. கொஞ்சம் மை கூடுதலாகச் செலவாகும்.

சில புத்தகங்கள் செய்யவும் தொடங்கிவிட்டன. பல ஹிம்னல்களில் இப்போது 'எடித் எம். ஜி. ரீட், 1885-1933' என்று பிறந்த வருடம், இறந்த வருடத்தோடு போடுகிறார்கள்.

எலிசபெத் போஸ்டன் 1987 மார்ச் 18-ல் தன் 81-வது வயதில் காலமானார், அதே ரூக்ஸ் நெஸ்ட் வீட்டுக்காரராகவே. ஒன்பது வயதில் குடிபோன வீடு. அவருடைய ஆப்பிள் மரப் பாட்டுக்குக் காப்புரிமை 2057 முடியும் வரை இருக்கிறது. அதுவரைக்கும் பெயரைப் போட மறந்தால் கேட்க ஆள் உண்டு. ரீட்டுக்குத்தான் யாரும் இல்லை.